கற்பிட்டித் தீவுகளிடையே ஒரு பகற்பொழுது

இலங்கைப் படத்தை மேசையில் விரித்து, கொழும்பிலிருந்து மேற்குக் கரையோரமாக விரலை வடக்கே நகர்த்திச் சென்றால், நீர்கொழும்பையும் சிலாபத்தையும் கடந்த சற்றுத் தூரத்தில் கரை இரண்டாகப் பிளந்துவிட்டதுபோலத் தோன்றும். ஒடுங்கிய மணல் நாக்கொன்று பெருநிலத்தை விட்டு விலகி வடக்கு நோக்கி நீண்டு செல்லும். அந்த நாக்குக்கும் பெருநிலத்துக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட நீர்ப்பரப்பே புத்தளம் களப்பு. நாக்கின் நுனியை அண்டிக் கற்பிட்டி இருக்கிறது. அதற்கப்பால் நிலம் முறிந்து, துண்டு துண்டாகிச் சிறுதீவுகளாய்க் கடலில் சிதறிக் கிடக்கிறது. அத்தீவுகள் வளைத்துக்கொண்ட நீருக்கு ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கல் குடா என்று இரண்டு பெயர்கள். பெயரிட்டவர்கள் கப்பலேறிப் போய் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பெயர்கள் மட்டும் கரையேறி நின்றுவிட்டன.

காலையிற் புறப்பட்டு மாலையில் மீளும் ஒரு முழுநாட் படகுப் பிரயாணத்துக்கு இந்நாட்டில் இதைவிடச் சிறந்த இடமொன்று இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. நுவரெலியாவின் குளிரையும் திருகோணமலையின் ஆழ்கடலையும் போற்றும் நம்மவர்கள் புத்தளத்தை, ‘உப்பு விளையும் ஊர்’ என்ற ஒரே வார்த்தையோடு ஒதுக்கிவிடுகிறார்கள். உப்பு விளைவது மெய்தான். ஆனால் உப்பு விளைவதற்கு ஏதுவாயிருக்கும் வெயிலும் காற்றும் ஆழமற்ற நீருமே இந்தக் குடாக்களின் அழகுக்கும் ஏதுவாயிருக்கின்றன.

களப்பின் பரப்பு 300 சதுர கிலோமீற்றருக்கு மேல். இவ்வளவு பெரிய நீர்நிலையின் பெரும்பகுதியில் ஆழம் ஓரிரு மீற்றர்தான் என்றால் நேயர்கள் வியப்படையலாம். கிழக்கிலிருந்து கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வடக்கே திறந்திருக்கும் வாயினூடாகக் கடல் உள்ளே வருகிறது. மழை பொய்த்த மாதங்களில், கடல் வாயிலிருந்து தொலைவிலுள்ள தென்கோடியில், வெயில் குடித்தது போக எஞ்சும் நீர் கடல்நீரிலும் கூடுதலாகக் கரிக்கும். அதனாலேயே உப்பளங்கள் அங்கே, பாலாவியை அண்டி அமைந்தன.

பிரயாணத்துக்குக் காலம் பார்த்தே புறப்பட வேண்டும். சோழகக் காற்று வீசும் மே மாதம் முதல் செப்தெம்பர் வரை இந்தக் கடல் விருந்தினரை விரும்புவதில்லை. கார்த்திகை பிறந்து காற்று வாடைக்குத் திரும்பியபின், இலங்கையின் முதுகு மறைப்பாயிருக்க, மேற்குக் கடல் அடங்கிவிடுகிறது. சித்திரை வரை அந்த அமைதி நீடிக்கும். நாம் சென்றது மாசி மாதத்தில். பாலாவியிற் பிரதான வீதியை விட்டு விலகிக் கற்பிட்டிவரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வழியில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகளும் தென்படும். அன்னம்மாள் கோயிலால் நாடெங்கும் அறியப்பட்ட தலவிலையும் இவ்வழியில்தான். மணலில் வெங்காயமும் மிளகாயும் செழித்திருப்பதைக் கண்டு எம்முடன் வந்த சிறுவர்கள், “இந்த மணலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார்கள். மழைநீர் மணலினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கிணறு வெட்டுவோர் அந்தப் படையைத்தான் தொடுகிறார்கள். அளவுக்குமேல் இறைத்தால் உவர் மேலெழுந்துவிடும். இந்தத் தீபகற்பத்து வாழ்வே அந்த ஒரு படை நன்னீரின்மீது நிற்கிறதென்று சொல்லலாம்.

கற்பிட்டியில் படகேறுமுன் கோட்டையைப் பார்த்துவிடுவது உத்தமம். இன்று அது கடற்படையினரின் பொறுப்பில் இருப்பதால் அநுமதி பெற்றே உட்செல்ல வேண்டும். போர்த்துக்கேயர் கைவசமிருந்த இவ்விடத்தை ஒல்லாந்தர் 1659இற் கைப்பற்றி, 1667 முதல் 1676 வரை இக்கோட்டையைக் கட்டினர். முருகைக் கல்லாலான மதில்கள்; வாயிலுக்கு மட்டும் ஒல்லாந்திலிருந்து வந்த மஞ்சட் செங்கல். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்குக் கோட்டை கட்டுவது பிடிக்காது என்பதால், தேவாலயம் எழுப்புவதாகச் சொல்லிக் கட்டினார்கள் என்றொரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் நோக்கம் வெளிப்படை. மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் துணியும் இந்தக் களப்பின் வழியாகவே போயின. களப்பின் வாயில் எவன் கையிலோ, கண்டியின் சாப்பாட்டுத் தட்டும் ஓரளவுக்கு அவன் கையில். இந்த உபாயத்தை நன்கறிந்த ஒல்லாந்தர், 1795 நவம்பரில் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்வரை அதைக் கைவிடவில்லை.

தமிழ் அபிமானிகள் கற்பிட்டியை வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்தது இந்த ஊரில். 1834இல் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய ஆங்கில இட அகராதி, இந்நாட்டவர் ஒருவர் தம் நாட்டை ஊர் ஊராக விவரித்த முதன்முயற்சி எனத் தகும். 1859இல் வந்த ‘தமிழ் புளூட்டாக்’ தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டித் தந்தது. உப்புக் காற்றடிக்கும் ஒரு சிற்றூரில், அச்சுக்கூடத்துக்கும் நூல்நிலையத்துக்கும் எட்டாத் தொலைவிலிருந்து ஒருவர் இத்தனையையும் செய்தார் என்பதை எண்ணும்போது, வசதியில்லை என்று முறையிடும் நமது பேனா சற்றே தலைகுனிகிறது.

காலை ஆறு மணிக்குப் படகு துறையை விட்டது. இருபத்துமூன்று அடி நீளமுள்ள பிளாஸ்டிக் வள்ளம், பின்புறத்தில் ஒரு இயந்திரம். தண்டயல் எழுபதை நெருங்கும் முஸ்லிம் முதியவர். உதவிக்கு அவருடைய மருமகன். ஊரார் அவரை ‘நாநா’ என்றழைத்ததால் நாமும் அவ்வாறே அழைத்தோம். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி பூட்டுவித்த பிறகே அவர் இயந்திரத்தைத் தொட்டார். வீட்டிலிருந்து கட்டிவந்த இடியப்பப் பொதியை அணியத்தில் வைக்க முயன்ற எம் இல்லத்தரசியிடம், “அதை நடுவில் வையுங்கள் அம்மா, அணியத்தில் வைத்தால் உப்புத் தண்ணீர்ச் சம்பல்தான் கிடைக்கும்” என்றார்.

சூரியன் வில்பத்துக் காட்டின்மேல் எழும்போது நீரில் ஒரு சுருக்கமும் இல்லை. முதலில் இப்பந்தீவு, பெரிய அரிச்சாலை, சின்ன அரிச்சாலை முதலிய தாழ்ந்த தீவுகள். அவற்றின் ஓரமெங்கும் கண்டலும் கண்ணாவும் அடர்ந்திருக்கின்றன. கண்டல் மரம் முட்டுக்கொடுத்த பந்தலைப்போலப் பல வேர்களில் எழுந்து நிற்கும். கண்ணாவோ சேற்றிலிருந்து பென்சில் முனைகள் போன்ற வேர்களை மேலே நீட்டி மூச்சுவிடும். அந்த வேர்க்காட்டுக்குள் நுழைந்ததும் நாநா இயந்திரத்தைத் தூக்கிவிட்டு மரக்கோலை எடுத்தார். நீர் முழங்காலளவே. கோல் சேற்றில் ஊன்றிப் பிடுங்கப்படும் ஓசையன்றி வேறோசை இல்லை. கொக்கும் நாரையும் எம்மைப் பொருட்படுத்தவில்லை. வேர்களினிடையே இறாற்குஞ்சுகள் கண்ணாடித் துணுக்குகள்போலத் துள்ளின.

இந்த வேர்க்காடு வெறும் அலங்காரமன்று. கடலில் பிடிபடும் மீனினதும் இறாலினதும் தொட்டில் இதுவே. 1980களில் இறால் பண்ணைத் தொழில் புத்தளம், முந்தல் பக்கங்களில் வேகமாகப் பரவியபோது, குளம் வெட்டுவதற்காகக் கண்டற்காடுகள் பலவிடங்களில் அழிக்கப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைப் பாழாக்கியது. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் களப்போரத்தில் காணலாம். உப்புப் பூத்து, புல்லும் முளையாமல் கிடக்கின்றன. மறுபடியும் கண்டல் நடும் வேலை நடக்கிறது. நட்டது மரமாவதற்குக் காலம் வேண்டும்.

தீவுகளைக் கடந்து ஒல்லாந்தர் குடாவுக்கு வந்ததும் நீரின் நிறம் மாறிற்று. சேற்றுப் பழுப்பு நீங்கி, அடியிலுள்ள கடற்புல் தெரியும் பசுமை. படகின் நிழல் அப்புல்வெளியின் மேலே எம்மோடு ஓடிவந்தது. கடற்பசு மேயும் இடம் இது. ‘ஆவுளியா’ என்று இப்பக்கத்தார் சொல்லும் அப்பிராணி கடற்புல்லைத் தவிரப் பிறிதொன்றை நாடுவதில்லை என்றே சொல்லலாம். கன்று ஒன்றே ஈனும், அதுவும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. சட்டம் அதைக் காக்கிறது. வலைக்குச் சட்டம் தெரியாது. மூச்சுவிட மேலே வர முடியாதபடி வலையில் சிக்கினால் அது மூழ்கி இறந்துவிடும். சிறுவர்கள் இருபுறமும் குனிந்து தேடினார்கள். “நான் இளந்தாரியாயிருந்தபோது தாயும் கன்றுமாய்ப் பார்த்திருக்கிறேன். இப்போது கண்டேன் என்று ஒருவன் சொன்னால், எந்த இடத்தில் என்று நாங்களே ஓடிப்போய் விசாரிக்கிறோம்” என்றார் நாநா.

ஓங்கில் பார்க்கவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். கற்பிட்டியின் பெயரை உலகறியச் செய்திருப்பவை அந்த ஓங்கில்களே. கண்டக்குளியிலிருந்து விடியற்காலையில் வெளிக்கடலுக்குப் போகும் படகுகளில் நூற்றுக்கணக்கான ஓங்கில்கள் ஒரே கூட்டமாகச் செல்வதைப் பார்க்கலாம். நீரைவிட்டெழுந்து பம்பரம்போலச் சுழன்று விழும் சாதி அவை. இரவெல்லாம் ஆழத்தில் இரை தேடிவிட்டுப் பகலில் இளைப்பாற வருகின்றன என்பதையும், பத்துப் படகுகள் இரைச்சலிட்டுச் சூழ்ந்துகொண்டால் அந்த இளைப்பாறல் கெடும் என்பதையும் போகிறவர்கள் நினைவில் வைப்பது நன்று. வெளிக்கடலிலேயே முருகைக் கற்பாரும் இருக்கிறது. 1992இல் அது சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது அங்கே முருகை வெளுத்து மடிந்தது. ஓங்கிலையும் குடாவையும் ஒரே நாளில் முடித்துவிட முயல்வோர் இரண்டையும் அரைகுறையாகவே காண்பார்கள். குடாவுக்கு ஒரு நாளைத் தனியாகவே ஒதுக்க வேண்டும்.

மேற்கே உச்சமுனை நீண்டு கிடந்தது. இங்குள்ள தீவுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல ஒடுங்கியும் நீண்டும் இருக்கின்றன: ஒரு பக்கம் இரையும் கடல், மறுபக்கம் உறங்கும் குடா. நடுவே தென்னையும் தாழையும். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடக்கச் சில நிமிடங்களே பிடிக்கும். மணல் இறக்கத்தில் இறங்கிக் காலையுணவை முடித்தோம். சம்பலில் உப்புத் தண்ணீர் சேரவில்லை.

படகு மீண்டும் வடக்கே திரும்பியபின் நாநா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, எம்முள் ஒருவர் மன்னாரைப் பற்றி ஏதோ விசாரித்தபோது, கையை வடக்கே நீட்டிக் காட்டினார். 1990 ஒக்ரோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர்; ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசலைவிட்டுப் புறப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்தவர்களிற் பலர் படகேறி இந்தக் கடல் வழியாகவே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். மழையும் காற்றும் தொடங்கும் காலம் அது. ஊரிலிருந்த வள்ளங்களெல்லாம் ஆட்களை ஏற்றி இறக்கின என்றும், தாம் எத்தனை தடவை போய்வந்தார் என்ற கணக்குத் தம்மிடம் இல்லை என்றும் நாநா சொன்னார். “ஒரு கிழவி கையில் வீட்டுத் திறப்பு மட்டும். வேறொன்றும் இல்லை. அதை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.”

அவர் அதற்குமேற் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. புத்தளத்து மக்கள் அன்று தங்கள் வீட்டு முற்றத்தையும் பள்ளிவாசலையும் பாடசாலையையும் தென்னந்தோட்டங்களையும் வந்தவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கிணறும் வைத்தியசாலையும் வேலையும் இருபங்காயின, பிணக்குகளும் எழுந்தன, ஆயினும் கதவு மூடப்படவில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபின் ஒரு பகுதியினர் மன்னாருக்கும் முசலிக்கும் மீண்டனர். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ எது ஊர் என்பதே கேள்வியாகிவிட்டது. அழகான நீர்ப்பரப்பைக் கண்டுகளிக்கப் போகிறவர்கள் இதையும் அறிந்து போவது நல்லதென்று கருதியே இங்கு எழுதுகிறோம்.

இந்தக் கரைக்கு அந்நியர் வந்து சேர்வது புதிதல்ல. 1344இல் மாலைத்தீவிலிருந்து தமிழகக் கரைக்குப் புறப்பட்ட அரபு யாத்திரிகர் இபுன் பதூதாவின் கப்பலைக் காற்று இப்பக்கம் தள்ளியது. அவர் ‘பத்தாலா’ என்று குறிக்கும் ஊரைப் புத்தளம் என்றே ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். மரமதில் சூழ்ந்த அந்தச் சிறு நகரில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான், பாரசீக மொழியில் உரையாடினான், முத்துக்களைக் காட்டினான். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையிற் குவிந்து கிடந்தனவாம். பாவாத மலையைத் தரிசிக்க வேண்டுமென்று விருந்தினர் கேட்டதும், பல்லக்கொன்றும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், தன் பரிவாரத்திற் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினான் மன்னன். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்குத் தமிழ் மன்னன் யோகிகளை வழித்துணையாக்கி அனுப்பிய அந்தக் காட்சியைச் சித்திரமாக எழுதி வைத்தாலும் தகும்.

பத்தலங்குண்டை அடைந்தபோது பகல் பத்தரை. தீவுச் சங்கிலியின் வடகோடி இது. கற்பிட்டியிலிருந்து முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கரையில் வள்ளங்கள் வரிசையாக இழுத்துவிடப்பட்டிருந்தன. ஓலை வாடிகள், உலரும் வலைகள், பாயில் பரப்பிய கருவாடு, ஒரு சிறு கிறிஸ்தவ ஆலயம். நீர்கொழும்பு, சிலாபக் கரைகளிலிருந்து பருவத்துக்கு வந்து போவோரும் இங்கேயே நிலைத்தோருமாகச் சனத்தொகை கூடியும் குறைந்தும் இருக்கும். ஒரே வாடியில் சிங்களமும் தமிழும் மாறி மாறிக் கேட்டன. சொல்கிறவர்களுக்கே எந்த வாக்கியத்தை எந்த மொழியில் தொடங்கினோம் என்ற நினைவு இல்லை போலும். வெயிலுக்கு ஒதுங்கிய எமக்கு ஒரு தாய் தேநீர் கொடுத்தாள். தண்ணீரின் அருமை அறிந்த இடத்தில் கொடுக்கப்பட்ட அந்தத் தேநீரை ஒரு துளி மீதியின்றிக் குடித்தோம்.

2000ஆம் ஆண்டுகளில் கற்பிட்டியையும் சுற்றியுள்ள 14 தீவுகளையும் உல்லாசப் பிரயாண வலயமாக்கும் திட்டமொன்றை அரசாங்கம் வகுத்தது. ஹோட்டல்கள் எழுந்தால் வேலை வரும் என்றனர் ஒரு சாரார். கரையை இழந்தால் வள்ளம் எங்கே ஏறும், வலை எங்கே உலரும் என்று கேட்டனர் மீனவர்கள், எதிர்ப்பும் கிளம்பிற்று. தலைமுறையாக வாடி கட்டி வாழ்வோரில் பலரிடம் காணி உறுதி கிடையாது. உறுதியில்லாதவனுக்குக் காலியான தீவு என்ற சொல்லே பயத்தைத் தரும். நாம் பார்த்த தீவுகளில் ‘காலி’ என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆளில்லாத மணற்றிட்டியிலும் யாரோ ஒருவருடைய வலைக்கழி நட்டிருக்கிறது. யாரோ ஒருவர் காற்றுக்கு ஒதுங்கும் மூலை அதில் இருக்கிறது. உல்லாசப் பிரயாணி வரட்டும். படகோட்டிக்கு அதனால் வருவாயுண்டு. அவன் விருந்தாளியாக வரவேண்டும் என்பதே எமது அபிப்பிராயம்.

தீவின் கிழக்குக் கரையிலிருந்து பார்த்தால் போர்த்துக்கல் குடாவுக்கு அப்பால் வில்பத்துக் கரையும், அதிற் செந்நிறமாய்த் துருத்தி நிற்கும் குதிரைமலை முனையும் தெரிகின்றன. மலை என்பது உபசாரம். செம்மண் மேடு என்பதே பொருந்தும். உரோமாபுரி எழுத்தாளர் பிளினி குறிப்பிடும் ‘ஹிப்புரோஸ்’ துறைமுகம் இதுவே என்று கருதுவோர் உண்டு. அல்லியரசாணி அரசு புரிந்த இடம் என்பது இப்பக்கத்து மக்களின் நம்பிக்கை. முத்துக்குளிப்புக் காலத்தில் இக்கடலில் கூடிய சனத்திரளைப் பற்றியும் எழுதலாம். அதற்கு வேறொரு ஞாயிறு வேண்டும்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட ஆயத்தமானபோது, நாநா சற்றுத் தயங்கி எம்மிடம் வந்தார். “ஐயா, ஒரு பிள்ளைக்கு நேற்றிரவு முதல் காய்ச்சல். தாயையும் பிள்ளையையும் கற்பிட்டி ஆஸ்பத்திரியில் விட வேண்டும். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால்...” படகு முழுநாளுக்கும் எம்முடைய வாடகை என்பதால் அந்தக் கேள்வி. ஆட்சேபமாவது! நாம் நெருங்கி உட்கார்ந்தோம். நான்கு வயதுச் சிறுமி. தாயின் மடியில் துவண்டு கிடந்தாள். எமது குடைகள் இரண்டும் அவர்கள் தலைக்குமேல் போயின. எம் சிறுவர்கள் தோடம்பழமொன்றை உரித்து ஒவ்வொரு சுளையாக நீட்டினார்கள். மூன்றாவது சுளையை அவள் வாங்கினாள்.

காலையில் மெல்ல மெல்லப் பார்த்துச் சென்ற நீரை மாலையில் வேகமாகக் கடந்தோம். கச்சான் காற்று சற்றே எழும்பியிருந்தது. குறுக்கு அலை அடிக்காதபடி தீவுகளின் மறைவிலேயே படகைக் கொண்டுபோனார் நாநா. புல்வெளியும் கண்டற்காடும் இருபுறமும் ஓடி மறைந்தன. துறையில் இறங்கியதும் மருமகன் ஒரு முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டு வந்தார். தாய் கொடுக்க முயன்ற காசை நாநா வாங்கவில்லை. பிள்ளைக்குச் சுகமானால், விடியலில் ஐஸ் ஏற்றிக்கொண்டு பத்தலங்குண்டுக்குப் போகும் வள்ளத்தில் அவர்கள் திரும்பிப் போகலாம் என்று அந்த வள்ளக்காரனின் பெயரைச் சொல்லி அனுப்பினார்.